நாலு அடியில் காற்றின் பங்கு

சர்தார் அனுப்பிய இன்லாண்டு கடிதத்தில் ஒரு வரியின் நடுவே கறுப்பு மை பூசியிருந்தது. ஷரீபுன்னிசா தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள், திருப்பிப் பிடித்தாள், நகத்தால்கூடச் சுரண்டிப் பார்த்தாள். "ஆபா, இந்த இடத்தோட உயரம்" என்பது வரை தெளிவாக இருந்தது. அப்புறம் கட்டைவிரல் நீளத்துக்கு மை. அதற்கப்புறம் "அடி" என்று ஒரு சொல். நடுவில் இருந்த எண்ணைப் பட்டாளத்தில் யாரோ ஓர் ஆபீசர் அழித்துவிட்டார்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த எண்தான்.

"என்னடி, கள்ள நோட்டான்னு பாக்கற மாதிரி பாக்கறே? படிச்சுச் சொல்லு, எம்புள்ள என்ன எழுதியிருக்கான்?" என்றாள் அம்மா ஜான் பீ, அரிசியில் கல் பொறுக்கியபடி.

"நல்லா இருக்கானாம்மா. குளிராம். உனக்கு சலாம் சொல்லியிருக்கான்."

"அவ்வளவு பெரிய கடிதாசியில அவ்வளவுதான் எழுதியிருக்கானா?"

"மீதியெல்லாம் கணக்கும்மா."

பொய்யில்லை. மீதியெல்லாம் கணக்குதான். அம்மா உள்ளே போன பிறகு அவள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தாள்.

அது 1986 ஜூலை மாதம். ஷரீபுன்னிசாவுக்கு வயது முப்பத்தொன்று. பாலக்கோட்டில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கும் விஞ்ஞானமும் நடத்துகிற டீச்சர். அவளை 'ஆபா' என்று கூப்பிடும் தம்பி சர்தார் நாலு வயது சிறியவன், ராணுவத்தில் நாயக். அவனுடைய பட்டாலியனின் துப்பாக்கி சுடும் அணியில் எண்ணூறு கஜ தூரத்துக்குச் சுடுகிறவன் அவன் ஒருத்தன்தான். ஜனவரி வரை தெற்கே ஒரு கன்டோன்மென்டில் இருந்தான். பிறகு பட்டாலியனை எங்கோ வடக்கே மலைமேல் ஏற்றிவிட்டார்கள். எந்த மலை என்று எழுதக் கூடாதாம். எழுதினாலும் மை பூசிவிடுகிறார்கள்.

எதையும் எண் போட்டு எழுத வேண்டும் என்பது சின்ன வயதிலேயே ஷரீபுன்னிசா அவனுக்குப் போட்ட சட்டம். அவனும் அந்தச் சட்டப்படியே எழுதியிருந்தான்.

"ஒண்ணு. ஜனவரியில் கீழே இருந்தப்போ எண்ணூறு கஜத்துல அஞ்சு குண்டும் கறுப்பு வட்டத்துக்குள்ளதான். அதே ரைபிள், அதே தோட்டா. குறி பார்க்க ரைபிள் மேல இருக்கற குறிக்கண்ணோட திருகை ஒரு சொடுக்குகூட மாத்தல. இங்க அடிச்சா அஞ்சும் வட்டத்துக்கு நாலு அடி மேல போய் விழுது. கொத்தாத்தான் விழுது, ஆனா மேல.

ரெண்டு. சுபேதார் சாப் சொல்றார், மலையில காத்து லேசு, அதனால குண்டு கொஞ்சம் மேல போகும், ஆனா ஒரு அடிக்கு மேல போகாது, அவர் வேற மலையில அடிச்சுப் பார்த்திருக்காராம். 'ரைபிளும் மாறல, தோட்டாவும் மாறல, மாறினது நீதான். மீதி மூணு அடி உன் கண்ணுல இருக்கு'ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார்.

மூணு. அப்பாவுக்கு முதல்ல கீழ்ப்பார்வைதானே போச்சு? நான் குறி வைக்கிறது வட்டத்தோட கீழ் விளிம்புலதான். அந்த விளிம்பு எங்க இருக்குன்னு எனக்குச் சரியாத் தெரியாம மேல பிடிக்கிறேனோன்னு பயமா இருக்கு ஆபா.

நாலு. குறிக்கண்ணை இறக்கி வெச்சுக்கடான்னு பசங்க சொல்றாங்க. இறக்கினா படும். ஆனா கண்ணு போறவனுக்கு இன்னிக்கு நாலு அடின்னா நாளைக்கு அஞ்சு. அதை மூடி மறைச்சு என்ன பிரயோஜனம்?

அஞ்சு. செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி மெடிக்கல் போர்டு. நாலு அடியில காத்தோட பங்கு எவ்வளவுன்னு நீ கணக்குப் போட்டுச் சொல்லு. காத்துதான்னா சரி. இல்லேன்னா எங்கப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சுன்னு நானே டாக்டர்கிட்ட சொல்லிட்டு, பேரை வெட்டச் சொல்லி வூட்டுக்கு வந்துடறேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

மூன்றாம் எண்ணை அவளால் சும்மா படிக்க முடியவில்லை. அப்பா முகம்மது கவுஸ் கடைவீதியில் பூட்டும் டிரங்குப் பெட்டியும் பழுது பார்த்தவர். முப்பத்தைந்து வயதில் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், எதிரே சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் தேதியைச் சரியாகச் சொன்னார். மடிக்கு முன்னால் வைத்த தட்டு எங்கே என்று கேட்டார். எல்லோரும் வேடிக்கை என்று சிரித்தார்கள். அடுத்த மாதம் கடைப் படியில் இறங்கும்போது விழுந்தார். நாற்பது வயதுக்குள் எல்லாமே இருட்டாகிவிட்டது. டாக்டர் வைத்த பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. வம்சத்தில் வரக்கூடியது என்று அவர் சொன்னது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

அவள் நோட்டுப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தில் கோடு கிழித்தாள்.

சர்தார் தன் கையேட்டிலிருந்து இரண்டு விவரம் எழுதியிருந்தான். குண்டு துப்பாக்கியை விட்டுக் கிளம்பும் வேகம் வினாடிக்கு இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது அடி. எண்ணூறு கஜம் போய்ச் சேர்வதற்குள் குழாயின் நேர்க்கோட்டிலிருந்து அது இருபத்தாறு அடி கீழே இறங்கிவிடும். இதை வைத்து அவள் போட்ட கணக்கு எளிமையானது. உலகத்தில் காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால், அந்த வேகத்தில் குண்டு ஒரு வினாடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அதற்குள் பூமி அதைப் பன்னிரண்டு அடிதான் இழுக்க முடியும். ஆனால் கையேடு இருபத்தாறு என்கிறது. மீதிப் பதினாலு அடி காற்றின் வேலை. காற்று குண்டைத் தடுக்கிறது, குண்டு தாமதமாகிறது, தாமதமாகிற நேரமெல்லாம் விழுகிறது.

ஆகவே மலைமேல் காற்று எத்தனை பங்கு லேசோ, அந்தப் பதினாலு அடியில் அத்தனை பங்கு குறையும். அந்த அளவுக்குக் குண்டு மேலே போகும். காற்றின் கனத்தைக் கண்டுபிடிக்க இரண்டே விஷயம் போதும்: அங்கே வெப்பம் எவ்வளவு, காற்றின் அழுத்தம் எவ்வளவு. வெப்பம் எழுதியிருந்தான், ஜனவரியில் கீழே இருபத்தொரு டிகிரி, மேலே பன்னிரண்டு டிகிரி. உயரம் தெரிந்தால் அழுத்தம் தெரியும். உயரத்தின் மேல்தான் மை.

மறுநாள் எட்டாம் வகுப்பில் கொதிநிலை பற்றி நடத்திக்கொண்டிருந்தபோது சாக்பீஸை வைத்துவிட்டுச் சிரித்தாள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று தெரிந்தால், அழுத்தத்தைப் புத்தகத்தின் கடைசிப் பக்க அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். உயரம் எதற்கு?

அன்று சாயங்காலமே எழுதினாள். "ஒன்று. தண்ணீர் கொதிக்கும்போது தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து எழுது. இரண்டு. தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். உப்பு, பால், தேயிலை, தூசு எதுவும் பட்டிருக்கக் கூடாது."

ஆபீசர் கண்ணில் மண்ணைத் தூவுகிறோமோ என்று ஒரு நிமிஷம் உறுத்தியது. எதிரி நாட்டுக்காரன் பாலக்கோடு வரை பஸ் பிடித்து வந்து தன் மேஜை இழுப்பறையைத் திறந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தேற்றிக்கொண்டு ஒட்டினாள்.

கீழே சர்தார் இருந்த கன்டோன்மென்டும் பாலக்கோடும் ஏறக்குறைய ஒரே உயரம் என்று அட்லஸ் சொன்னது. அதனால் இங்கே அழுத்தம் அளந்தால் அங்கே அளந்த மாதிரி. கூட வேலை பார்க்கும் பாஞ்சாலி டீச்சரின் வீட்டுக்காரர் ராஜாமணி சர்க்கரை ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் கெமிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை இருவரும் அவளை அங்கே கூட்டிப்போனார்கள். சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு பாரோமீட்டர் தொங்கியது.

"பாகு காய்ச்சற சட்டியில காத்தை உறிஞ்சி எடுப்பமுங்க டீச்சர். எவ்வளவு உறிஞ்சினோம்னு தெரியணும்னா வெளிக்காத்து எவ்வளவுன்னு தெரியணும். அதுக்குத்தான் இது," என்று ராஜாமணி முள்ளை நகர்த்திப் பாதரசத்தின் தலையில் நிறுத்தினார். "எழுநூத்திப் பதினாலு மில்லிமீட்டர். எழுதிக்கங்க. எதுக்குன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறீங்க."

"பள்ளிக்கூடத்துக்குத்தான்."

"பொம்பளப் புள்ளைங்களுக்கு இவ்வளவு காத்து எதுக்குங்க?" என்றார் அவர்.

"நீங்க வூட்ல பேசற பேச்சுக்குத் தடுப்புப் போடத்தான்," என்றாள் பாஞ்சாலி.

ஷரீபுன்னிசாவும் சேர்ந்து சிரித்தாள். வெகு நாட்களுக்குப் பிறகு சிரித்த மாதிரி இருந்தது.

பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டதாம். ஆகஸ்டு இருபத்தெட்டாம் தேதி வந்த உறைக்குள் அம்மாவுக்கென்று தனியாக ஒரு தாளும் இருந்தது. இந்த முறை யாரும் மை பூசவில்லை.

"ஒண்ணு. நீ சொன்ன மாதிரி பார்த்தாச்சு. குக்ஹவுஸ் கெட்டில்ல எப்பவும் தேயிலை வாசனை, பாத்திரமெல்லாம் கரி. அதனால மெடிக்கல் ரூம்ல ஊசி கொதிக்க வைக்கிற டப்பாவுலயே பார்த்தேன். மூடியிலேயே தெர்மாமீட்டர் பொருத்தியிருக்கு. மூடியைத் திருகி இறுக்கிடுவாங்க, ஒரு தூசு படாது. தொண்ணூத்தாறு டிகிரி. மூணு தடவை பார்த்தேன், மூணு தடவையும் அதேதான்."

மூன்று தடவை பார்த்தானாம். அந்த ஒழுங்கைப் பார்த்து அவளுக்குப் பெருமையாக இருந்தது. உடனே உட்கார்ந்தாள். தொண்ணூற்றாறு டிகிரிக்கு அட்டவணையில் அறுநூற்று ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர். பாலக்கோட்டில் எழுநூற்றுப் பதினாலு. இரண்டையும் அந்தந்த இடத்து வெப்பத்தால் வகுத்து ஒப்பிட்டாள். லாகரிதம் புத்தகத்தில் விரல் ஓடிக்கொண்டே இருந்தது. மலைமேல் காற்று நூற்றில் ஐந்து பங்குதான் லேசு.

பதினாலு அடியில் நூற்றுக்கு ஐந்து பங்கு. ஒன்பது அங்குலம்கூட இல்லை.

முதலில் எங்கோ தசமப் புள்ளி நழுவிவிட்டது என்று நினைத்தாள். மறுபடி போட்டாள். புதுப் பக்கத்தில் ஆரம்பத்திலிருந்து இன்னொரு முறை. ஒன்பது அங்குலம். சுபேதார் பெரிய மனசு பண்ணி ஒரு அடி கொடுத்திருந்தார். அவள் கணக்கு அதையும் பிடுங்கிக்கொண்டது. நாலு அடியில் மூன்றே கால் அடி தம்பியின் கண்ணில் இருந்தது.

அன்று ராத்திரி அம்மா சோறு போட்டாள். ஷரீபுன்னிசா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஒரு கடிதம் எழுதினாள். "கணக்குப் போட்டுவிட்டேன். நாலு அடியும் காற்றுதான். கவலைப்படாதே." இரண்டே வரி. எண் போடாமல் எழுதிய முதல் கடிதம் அதுதான். ஒட்டப் போகும்போது கை நின்றது. அவன் கேட்டது ஆறுதலை அல்ல, எண்ணை. இதை நம்பிக்கொண்டு அவன் ராத்திரிக் காவலுக்குப் போவான். ஒற்றையடிப் பாதையில் கீழே இருக்கும் பள்ளம் தெரியாமல் கால் வைப்பான். அவன் பின்னால் இன்னும் பத்துப் பேர் நடப்பார்கள். கடிதத்தை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

பிறகு உண்மையான கடிதத்தை எழுதினாள். ஒன்பது அங்குலம் என்று எழுதி, கணக்கை வரி வரியாகக் காட்டி, ஒட்டி, விலாசமும் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் போகிற வழியில்தான் தபால் பெட்டி. போகும்போதும் அதைத் தாண்டினாள், வரும்போதும் தாண்டினாள். நாலு நாள் இப்படியே போயிற்று. தபால் போய்ச் சேர ஒன்பது நாளாகும். இனிமேல் போட்டால் போர்டுக்கு முந்தின நாள் அவன் கையில் கிடைத்தால் உண்டு. போடாமலேயே இருந்துவிட்டால் என்ன என்றும் தோன்றியது. அப்படியானால் அவனே முடிவு கட்டிவிடுவான். ஆபா பதில் எழுதவில்லை என்றால் ஏன் எழுதவில்லை என்று அவனுக்குத் தெரியாதா?

செப்டம்பர் மூன்றாம் தேதி சாயங்காலம் ஜான் பீ அடுப்பங்கரையிலிருந்து கூப்பிட்டாள்.

"ஷரீபா, எனக்குன்னு தனியா ஒரு தாள் வெச்சிருந்தானே, அதை மறுபடி ஒருக்கா படி. அன்னிக்கு நீ வேகமாப் படிச்சுட்டே."

அதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஷரீபுன்னிசா அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். "அம்மா, உன் கையால ஒரு வாய் சோறு தின்னணும் போல இருக்கு. இங்க பருப்பு வேகறதே இல்ல. காலையில ஏத்தினா மத்தியானம் வரைக்கும் குதி குதின்னு கொதிக்குது, வாயில போட்டா கல்லு. சோறு பாசிமணி மாதிரி உருளுது."

"வெறகு ஈரமா இருக்கும்," என்றாள் ஜான் பீ.

"மண்ணெண்ணெய் ஸ்டவ்வும்மா."

"அப்ப சமைக்கறவனுக்குக் கை வெளங்கல."

"மலைன்னா அப்படித்தாம்மா. மேல போனா வேகாது."

"யாருகிட்டடி சொல்றே? உங்க சித்தி அஸ்கரி பேகம் தேன்கனிக்கோட்டையில இருக்கா, அது மலையில்லியா? ஏற்காட்டுல கல்யாணத்துக்குப் போனமே, அது அதைவிட மேல. அந்தத் தால்சாவுல பருப்பு எங்க இருக்குதுன்னு தேடினாக்கூடக் கெடைக்கல, அப்படிக் கரைஞ்சு போயிருந்துச்சு. உங்க மலை மட்டும் என்ன புது மலை?"

ஷரீபுன்னிசா தாளை மடியில் வைத்தாள். ஏற்காட்டின் உயரம் அவளுக்குத் தெரியும், ஐயாயிரம் அடி. அங்கே தண்ணீர் தொண்ணூற்றைந்து டிகிரியில் கொதிக்கும். அங்கே பருப்பு கரைகிறது. சர்தார் எழுதியது தொண்ணூற்றாறு. அப்படியானால் அவன் இருக்கும் இடம் ஏற்காட்டைவிடத் தாழ்வு. ஏற்காட்டைவிடத் தாழ்வான இடத்தில் பருப்பு ஏன் கல்லாகக் கிடக்கிறது?

எழுந்து ஓடிக் கடிதத்தை எடுத்தாள். மூடியைத் திருகி இறுக்கிடுவாங்க. ஒரு தூசு படாது.

இறுக்கி மூடினால் ஆவி வெளியே போகாது. உள்ளே அழுத்தம் ஏறும். தண்ணீர் அதிகச் சூட்டில்தான் கொதிக்கும். அவன் அளந்தது மலையின் காற்றை அல்ல, அந்த டப்பாவின் வயிற்றை. தூசு படக் கூடாது என்று சொன்னது யார்? அவள்தான். சொன்னதைத் தட்டாத பிள்ளை, முகாமிலேயே சுத்தமான தண்ணீரைத் தேடிப் போயிருக்கிறான். எண் சுத்தமாக இருந்ததால் அவளும் அதை நம்பிவிட்டாள். பக்கத்துத் தாளில் கிடந்த பருப்பைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"என்னாச்சுடி?"

"ஒண்ணுமில்லம்மா. பருப்பு வேகலையாம்."

"அதைத்தானே நான் இவ்வளவு நேரமாச் சொல்றேன்!"

மறுநாள் காலை தபால் ஆபீஸ் திறக்கும்போதே வாசலில் நின்றாள். தந்தி அடிக்கிற நஞ்சப்பன் படிவத்தை வாங்கி, அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை மனசுக்குள் தமிழாக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"டீச்சரம்மா, இது என்னங்க? மூடாத பாத்திரத்துல தண்ணி கொதிக்க வை, மறுபடி பாரு, தந்தி குடு. பட்டாளத்துல இருக்கற புள்ளைக்குத் தந்தி அடிச்சு வெந்நி வெக்கச் சொல்றீங்களா?"

"ஆமாங்க."

"இருவது வருசமா தந்தி அடிக்கறேன். சாவு அடிச்சிருக்கேன், கல்யாணம் அடிச்சிருக்கேன், புள்ள பொறந்தது அடிச்சிருக்கேன். வெந்நி இதான் மொத தடவ. ரகசிய பாஷையான்னு மேல இருக்கறவன் என்னைக் கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

அவர் சொன்னது ஒரு வகையில் சரிதான் என்று அவளுக்குப் பட்டது. "என் தம்பியோட கண்ணு விஷயமுங்க. அவசரம்," என்றாள்.

நஞ்சப்பனின் முகம் மாறியது. "கண்ணுக்கு ஒத்தடமா? அதை மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?" என்று கருவிப் பக்கம் திரும்பினார்.

பதில் திங்கட்கிழமை வந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பாமல் நஞ்சப்பனே சைக்கிளில் வந்து, ஏழாம் வகுப்பு வாசலில் நின்றார்.

"டீச்சரம்மா, எண்பத்தொம்போது டிகிரின்னு வந்திருக்குங்க! தயவு பண்ணி ஒத்தடம் வேணாம்னு சொல்லுங்க. அந்தச் சூட்டுல கண்ணு வெந்து போயிடும்!"

அவள் அங்கேயே, கரும்பலகையில், பிள்ளைகள் எழுதிவைத்திருந்த பெருக்கல் கணக்கை அழித்துவிட்டுப் போட ஆரம்பித்தாள். எண்பத்தொன்பது டிகிரிக்கு அட்டவணையில் ஐநூற்று ஆறு மில்லிமீட்டர். அந்த எண் இந்த நாலு நாளில் அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. எண்பத்தைந்திலிருந்து தொண்ணூறு வரை எல்லா எண்ணும் மனப்பாடம். வெப்பத்தால் வகுத்தாள். பாலக்கோட்டோடு ஒப்பிட்டாள். நூற்றில் இருபத்தேழு பங்கு லேசு. பதினாலு அடியில் இருபத்தேழு பங்கு.

மூன்றே முக்கால் அடி.

சாக்பீஸ் உடைந்து கீழே விழுந்தது. முன் வரிசைப் பெண் ஒருத்தி அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். "டீச்சர், விடை தப்பா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. சரிதான்."

மீதி மூன்று அங்குலம். அது கணக்கின் தோராயமாக இருக்கலாம், அவன் மூச்சாக இருக்கலாம், அன்றைய வெயிலாக இருக்கலாம். மூன்று அங்குலத்துக்கு யாரும் குருடாகிவிட மாட்டார்கள். ரைபிளின் குறிக்கண்ணை ஒரு சொடுக்கு இறக்கினால் எண்ணூறு கஜத்தில் குண்டு நாலு அங்குலத்துக்குச் சற்று அதிகமாக இறங்கும் என்று அவனே முன்பு எழுதியிருந்தான். பதினோரு சொடுக்கு.

நஞ்சப்பன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வகுப்பிலேயே படிவத்தை எழுதி அவரிடம் கொடுத்தாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "காற்று மூன்றே முக்கால் அடி. கண் மேல் குற்றமில்லை. பதினோரு சொடுக்கு இறக்கு." நிமிர்ந்து பார்த்தார். "ஒத்தடம் இல்லியே?"

"இல்லீங்க."

"அது போதும் எனக்கு," என்று சைக்கிளைத் திருப்பினார்.

கைப்பையில் இருந்த ஒன்பது அங்குலக் கடிதத்தை அவள் அன்று கிழித்துப் போட்டாள். ஆனால் நிம்மதி முழுசாக வரவில்லை. தந்தி போய்ச் சேர்ந்ததா, பன்னிரண்டாம் தேதி என்ன ஆயிற்று என்று தெரியாமல் இரண்டு வாரம் இருந்தாள். தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே வாசலுக்கு வந்து நிற்பாள்.

செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி தபால் வந்தது. அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஷரீபுன்னிசா முதலில் மனசுக்குள் படித்தாள்.

"ஒண்ணு. உன் ரெண்டு தந்தியும் கேப்டன் சாப் கைக்குத்தான் முதல்ல போச்சு. என்னைக் கூப்பிட்டு விசாரிச்சார். எல்லாம் சொன்னேன். கோபப்படுவார்னு நினைச்சேன். குக்ஹவுஸுக்கு வந்து, கெட்டில் மூடியை அவரே கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, தெர்மாமீட்டரை நீயே பாருன்னார். உயரத்தை நான் மை பூசினது வீண்தான்னு சிரிச்சார். இனிமே யாருக்கும் இப்படி எழுதாதேன்னு கண்டிப்பாவும் சொன்னார்.

ரெண்டு. போர்டுல அப்பாவோட வியாதியை மறைக்கல. கண்ணுக்கு மருந்து ஊத்தி, இருட்டு ரூம்ல உக்கார வெச்சு, சின்ன வெளிச்சத்தை மேல கீழ நாலா பக்கமும் காட்டினாங்க. எல்லாம் தெரிஞ்சுது ஆபா. கீழ் ஓரத்துலயும் தெரிஞ்சுது. இப்போதைக்கு ஒண்ணும் இல்லை, ஆனா வருஷா வருஷம் வந்து காட்டுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.

மூணு. போட்டியில பதினோரு சொடுக்கு இறக்கி அடிச்சேன். நாலு குண்டு வட்டத்துல. அஞ்சாவது வெளிய போச்சு, அது என் அவசரம், காத்து மேல போட முடியாது. எங்க டீம் மூணாவதா வந்துச்சு.

நாலு. சுபேதார் சாப் ரெண்டு நாள் என்கூடப் பேசல. அப்புறம் டீ குடிக்கும்போது, நான் அடிச்ச மலை சின்ன மலைடான்னார். அவ்வளவுதான்."

தாளை மடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள முந்தானையை எடுத்தவளை ஜான் பீ பார்த்துவிட்டாள்.

"எம்புள்ளைக்கு என்ன?"

"நல்லா இருக்கான்."

"நல்லா இருந்தா எதுக்கு அழுவறே? முழுசாப் படி. ஒண்ணு விடாம."

இனி மறைக்க வேண்டியதில்லை. ஜூலைக் கடிதத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். சுபேதார் சொன்னது, கீழ் விளிம்பு, ஒன்பது அங்குலம், பருப்பு, தந்தி, இருட்டு ரூம் வெளிச்சம். காற்றைப் பற்றியும் கனத்தைப் பற்றியும் சொன்னபோது ஜான் பீ தலையை மட்டும் ஆட்டினாள். எல்லாம் முடிந்த பிறகு மடியிலிருந்த கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு மாசமா இதை நீ ஒருத்தியே வெச்சுக்கிட்டு இருந்தியா?"

"உனக்குத் தெரிய வேணாம்னு அவன்தான் சொன்னான்."

"அவன் சொல்லுவான். ஆம்பளப் புள்ளைங்க அப்படித்தான். உங்கப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு பத்து வருசம் இந்தத் தெருவுல நடந்தவ நான். எனக்கா தாங்காது?" பிறகு முகத்தை நிமிர்த்தி மகளை உற்றுப் பார்த்தாள். "சரி, அவனுக்கு டாக்டரு பாத்துட்டாரு. உன் கண்ணை யாரு பாத்தா?"

ஷரீபுன்னிசா சிரிக்கப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் தெரியுது."

"உங்கப்பாவும் அப்படித்தான் சொன்னாரு."

ஷரீபுன்னிசா வாதாட இரண்டு காரணம் யோசித்தாள்: காலாண்டுப் பரீட்சை, திருத்த வேண்டிய நோட்டுகள். இந்த இரண்டு மாதத்தில் தம்பியின் கண்ணுக்காக அவள் போடாத கணக்கு இல்லை. அதே ரத்தம்தான் தனக்கும் என்பது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. அல்லது வந்ததோ, வந்து அவளே அதன்மேல் மை பூசிக்கொண்டாளோ, தெரியவில்லை.

"தர்மபுரி பெரியாஸ்பத்திரியில கண்ணு டாக்டரு எந்தக் கெழமை வராரு?" என்று கேட்டாள் ஜான் பீ.

"வியாழக்கெழமைன்னு பாஞ்சாலி சொன்னா."

"ஆறரை பஸ்ஸுக்குப் போலாம். நானும் வரேன். லீவு எழுது."

ஷரீபுன்னிசா மேஜையில் உட்கார்ந்து தலைமை ஆசிரியைக்கு லீவுக் கடிதம் எழுத ஆரம்பித்தாள். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, அடித்துவிட்டு, பக்கத்தில் தெளிவாக எழுதினாள்: கண் பரிசோதனை.